யாருடைய காதால் கேட்கிறோம்?
திரைப்படத் தொடக்கங்களில் ஒலியும் கமராவும் பற்றிச் சில குறிப்புகள்

சில மாதங்களுக்கு முன்பு, நாம் வாழும் நகரத்தில் ஒரு குறும்பட மாலை நடைபெற்றது. எமது இளைஞர்கள் எடுத்த ஆறு படங்கள் காட்டப்பட்டன. ஆறில் நான்கு ஏறக்குறைய ஒரே விதமாகத் தொடங்கின. பனி பெய்யும் தெரு. ஜன்னலோரம் நிற்கும் ஒருவர். அவரது முகத்தை நோக்கி மெல்ல நகரும் கமரா. முதல் வினாடியிலிருந்தே புல்லாங்குழல். பின்னர் நடந்த கலந்துரையாடலில் கதையைப் பற்றிப் பேசினோம், அரசியலைப் பற்றிப் பேசினோம், வழக்கம்போல் ஒருவரையொருவர் இடைமறித்தும் பேசினோம். அந்தப் புல்லாங்குழலைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை.

மண்டபத்தைப் பூட்டும் நேரத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர் மட்டும் சொன்னார்: "தம்பி, முதல்லயே அழச் சொல்லிப்போட்டாங்கள். பிறகு என்னத்தைப் பார்க்கிறது?"

அன்றைய மாலையின் மிகக் கூர்மையான விமர்சனம் இதுதான் என்று நினைக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தை விரித்துப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை. ஒரு படத்தின் முதல் ஐந்து நிமிடங்கள் கதையை அறிமுகப்படுத்துகின்றன என்பது எமது பொதுவான எண்ணம். அதைவிட முக்கியமான ஒரு வேலையை அவை செய்கின்றன. பார்வையாளரை ஓர் இடத்தில் இருத்துகின்றன. எங்கே நின்று பார்ப்பது, யாருடைய காதால் கேட்பது என்பதை அந்த நிமிடங்களிலேயே தீர்மானித்துவிடுகின்றன. "மனநிலை" என்று நாம் அழைப்பது இந்த இருக்கையின் விளைவே அன்றி, கதையின் மேல் பூசப்படும் வர்ணம் அல்ல.

1

ஒரு எளிய பரிசோதனையை எவரும் வீட்டில் செய்து பார்க்கலாம். நன்கு தெரிந்த ஒரு படத்தின் முதல் ஐந்து நிமிடங்களை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பின்பு அதே நிமிடங்களைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். முதலாவது முறையில் படம் தட்டையாகிவிடும். மனிதர்கள் நடமாடுவார்கள், ஆனால் எமக்கு எதுவும் நேராது. இரண்டாவது முறையில் ஒன்றுமே புரியாது, ஆனால் ஏதோ ஒன்று நேர்ந்துகொண்டிருக்கும். கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை. படத்துக்குச் சட்டம் உண்டு. அதன் நான்கு விளிம்புகளுக்கு அப்பால் எதுவும் தெரியாது. ஒலி விளிம்பை மதிப்பதில்லை. சட்டத்துக்கு வெளியே நிற்பவரின் காலடியையும் அது கொண்டுவருகிறது.

கமராவின் வசம் உள்ள தெரிவுகள் சில: எவ்வளவு உயரத்தில் நிற்பது, எவ்வளவு தூரத்தில் நிற்பது, அசைவதா அசையாமல் இருப்பதா, ஒரு ஷொட்டை எவ்வளவு நேரம் வெட்டாமல் வைத்திருப்பது. ஒலியின் தெரிவுகளும் இதேயளவுதான்: ஒலி எழும் இடத்தைக் காட்டுவதா மறைப்பதா, அது கிட்டவா தொலைவிலா, கதைக்குள் இருக்கும் வானொலியிலிருந்து வருகிறதா அல்லது கதைமாந்தர் எவருக்கும் கேட்காத பின்னணி இசையா, எங்கே மௌனம். இந்த இரண்டு பட்டியல்களும் ஒன்றோடொன்று மோதும்போது பிறப்பதுதான் மனநிலை.

ஒலி சினிமாவுக்குள் நுழைந்துகொண்டிருந்த 1928ஆம் ஆண்டிலேயே சோவியத் இயக்குநர்களான ஐசன்ஸ்டைன், புடோவ்கின், அலெக்சாந்திரொவ் மூவரும் ஓர் அறிக்கை விட்டனர். படத்தில் தெரிவதையே ஒலி திரும்பச் சொல்லுமானால் படத்தொகுப்பின் ஆற்றல் அழிந்துவிடும், ஒலி படத்துக்கு எதிர்நிலையாக நிற்க வேண்டும் என்பது அவர்களது வாதம். பிரெஞ்சுக் கோட்பாட்டாளர் மிஷேல் ஷியோன் 1990இல் வெளிவந்த தனது நூலில் இதை வேறொரு பக்கத்திலிருந்து அணுகினார். படத்தில் நாம் "பார்த்ததாக" நம்பும் பலவற்றை உண்மையில் ஒலியே எமக்குத் தந்திருக்கிறது என்றார். பார்வைக்கோணம் என்பதைப் போலவே கேட்கும் கோணம் ஒன்றும் உண்டு என்றும் வலியுறுத்தினார். இந்தக் கேட்கும் கோணமே இங்கு எனது அக்கறை.

2

பிரிட்ஸ் லாங் 1931இல் எடுத்த "எம்" அவரது முதலாவது பேசும் படம். பேர்லினில் சிறுமிகளைக் கொலைசெய்யும் ஒருவனைப் பற்றியது. படம் இருண்ட திரையில் தொடங்குகிறது. ஒரு சிறுமியின் குரல் மட்டும் கேட்கிறது. விளையாட்டில் ஒவ்வொருவராக வெளியேற்றுவதற்குப் பிள்ளைகள் சொல்லும் எண்ணிக்கைப் பாட்டு அது. ஆனால் அதன் பொருள் ஒரு கொலைகாரன் வருவது பற்றியது. பின்னரே படம் தோன்றுகிறது. தொழிலாளர் குடியிருப்பு ஒன்றின் முற்றத்தில் வட்டமாக நிற்கும் பிள்ளைகளை கமரா உயரத்திலிருந்து பார்க்கிறது. எங்கள் பார்வை பிள்ளைகளின் பார்வையல்ல. மாடியிலிருந்து பார்க்கும் பெரியவர்களின் பார்வையா, வேறு எவரினதுமா என்பது சொல்லப்படவில்லை. அந்தச் சந்தேகமே முதலாவது நடுக்கம்.

உடுப்புக் கூடையுடன் வரும் ஒரு பெண், அந்தப் பாட்டைப் பாட வேண்டாம் என்று மேலேயிருந்து அதட்டுகிறாள். அவள் போனதும் பாட்டு மறுபடி தொடங்குகிறது. உடுப்புத் தோய்த்துக்கொண்டிருக்கும் எல்சியின் தாயிடம் அவள் இதை முறையிட, தாய் சொல்லும் பதில்தான் படம் முழுவதற்குமான திறவுகோல்: அவர்கள் பாடுவது கேட்கும்வரை, அவர்கள் இருக்கிறார்கள் என்றாவது எமக்குத் தெரியும்.

கேட்பது என்றால் இருப்பது. லாங் இந்தச் சமன்பாட்டை நிறுவிவிட்டு அதையே எமக்கு எதிராகத் திருப்புகிறார். சுவர்க்கடிகாரம் நண்பகலைச் சொல்கிறது. பாடசாலை விடுகிறது. தாய் பிள்ளைக்குச் சாப்பாட்டுக் கோப்பையை வைக்கிறாள். தெருவில் எல்சி பந்தை ஒரு விளம்பரத்தூணில் அடித்து அடித்து விளையாடுகிறாள். அதில் ஒட்டப்பட்டிருப்பது கொலைகாரனைப் பிடித்துத் தருவோருக்கான பரிசு அறிவித்தல். அதன்மேல் தொப்பி அணிந்த ஒரு நிழல் விழுகிறது. பந்து அழகாக இருக்கிறது என்கிறது ஒரு குரல். முகம் காட்டப்படுவதில்லை. அவன் பார்வையற்ற வியாபாரி ஒருவரிடம் அவளுக்கு பலூன் வாங்கிக் கொடுக்கும்போது விசிலடிக்கிறான். நோர்வே இசையமைப்பாளர் கிரீக்கின் "பேர் கின்ட்" இசையிலிருந்து ஒரு துண்டு. படத்துக்குப் பின்னணி இசை என்று எதுவும் இல்லை. எனவே அந்த விசில் இசையாக அல்ல, ஒரு மனிதனின் அடையாளமாகக் காதில் பதிகிறது. பின்னர் அவனை இனங்காண்பதும் அந்தப் பார்வையற்ற வியாபாரியின் காதுதான்.

இதன் பிறகு வருவது சினிமாவின் மிகக் கொடிய ஒரு நிமிடம். தாய் ஜன்னலைத் திறந்து "எல்சி!" என்று கூப்பிடுகிறாள். குரல் தொடர, படம் மாறுகிறது. மேலிருந்து தெரியும் ஆளற்ற மாடிப்படிச் சுழல். உடுப்புகள் தொங்கும் ஆளற்ற மேற்கூரை அறை. தொடப்படாத கோப்பையும் கரண்டியும் கொண்ட மேசை. கூப்பிடும் குரல் தேய்ந்து மறைகிறது. புதருக்குள்ளிருந்து பந்து உருண்டு வந்து நிற்கிறது. மின்கம்பிகளில் பலூன் சிக்கி, விடுபட்டு, போய்விடுகிறது. கமரா எதையும் தேடி ஓடவில்லை, அசையாமல் நிற்கிறது. இரத்தமில்லை, அலறலில்லை. பதிலில்லாத ஒரு கூப்பிடு மட்டும்.

ஹங்கேரியக் கோட்பாட்டாளர் பேலா பலாஷ், மௌனத்தைப் படைக்க ஒலிப்படத்தால் மட்டுமே முடியும் என்று எழுதியவர். எல்லாமே மௌனமாக இருந்த காலத்தில் மௌனத்துக்குப் பொருளில்லை; கேட்க வேண்டியது கேட்காமல் போகும்போதுதான் அது மௌனம். இந்த உண்மையைத் தத்துவமாக அல்லாமல் அனுபவமாக அறிந்தவர்கள் நாம். வாசலில் சைக்கிள் சத்தம் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் போன வீடுகளிலிருந்து வந்திருக்கிறோம். பலாஷ் 1919இல் ஹங்கேரியைவிட்டு ஓடியவர் என்பதையும், 1933இல் லாங்கும் கொலைகாரனாக நடித்த பீட்டர் லோரியும் ஜேர்மனியைவிட்டு வெளியேறினார்கள் என்பதையும் இங்கு குறித்துக்கொள்வது பொருத்தம்.

3

ஒரே படக்காட்சிக்கு இரண்டு வேறு ஒலிகளைக் கொடுத்தால் என்ன ஆகும்? இதற்கு ஆய்வுகூட விடைபோல் ஒரு படம் இருக்கிறது: ஓர்சன் வெல்ஸின் "டச் ஒஃப் ஈவில்" (1958).

மெக்சிக்கோ–அமெரிக்க எல்லை நகரம் ஒன்றின் இரவு. கலிபோர்னியாவின் வெனிஸ் என்ற இடத்தில் எடுக்கப்பட்டது. முதற் ஷொட்டில், மிக அண்மையில், ஒரு கை வெடிகுண்டின் நேரத்தைத் திருகி வைக்கிறது. அவன் ஓடிச்சென்று ஒரு காரின் பின்பெட்டிக்குள் அதை வைத்துவிட்டு மறைகிறான். ஓர் ஆணும் பெண்ணும் வந்து காரில் ஏறுகிறார்கள். கமரா கிரேனில் உயர்ந்து கட்டடத்தின் கூரையைத் தாண்டி, மறுபக்கத் தெருவில் காரைப் பிடிக்கிறது. அதற்கு முன்னால் பின்னோக்கி நகர்கிறது. போக்குவரத்துப் பொலிஸ், தள்ளுவண்டி, வழியை மறிக்கும் ஆடுகள். புதிதாக மணமான இன்னொரு சோடி நடந்து வருகிறது. கார் அவர்களைத் தாண்டுகிறது, அவர்கள் காரைத் தாண்டுகிறார்கள். எல்லைச் சாவடி வருகிறது. எல்லாம் ஒரே ஷொட். மூன்று நிமிடங்களுக்குச் சற்று மேல், ஒரு வெட்டும் இல்லை. ஒளிப்பதிவாளர் ரசல் மெட்டி.

வெட்டாமல் இருப்பதன் பயன் என்ன? வெட்டு என்பது ஒரு மூச்சு. வெட்டும்போது நேரம் சற்று நெகிழ்கிறது, இது சினிமாதான் என்று உடல் அறிகிறது. வெட்டாத ஷொட்டில் குண்டின் நேரமும் எமது நேரமும் ஒன்றாகிவிடுகின்றன.

இப்போது ஒலி. படப்பிடிப்பின் பின் யூனிவர்சல் நிறுவனம் படத்தை வெல்ஸின் கையிலிருந்து எடுத்து மாற்றியமைத்தது. வெளியான வடிவத்தில் இந்த ஷொட்டின் மேல் ஹென்றி மன்சினியின் லத்தீன்–ஜாஸ் இசை ஓடுகிறது, எழுத்துகளும் ஓடுகின்றன. வெல்ஸ் 1957 டிசெம்பரில் 58 பக்கங்களில் ஒரு குறிப்பு எழுதி நிறுவனத்திடம் மன்றாடினார். தெருவின் ஒவ்வொரு மதுவிடுதி வாசலிலிருந்தும் ஒவ்வொரு இசை கேட்க வேண்டும், கமரா நகர நகர அவை மாறி மாறி வர வேண்டும் என்பது அவரது திட்டம். அது அப்போது நிறைவேறவில்லை. வெல்ஸ் 1985இல் இறந்தார். 1998இல்தான் அந்தக் குறிப்பை அடிப்படையாக வைத்து வோல்டர் மேர்ச் படத்தை மீளத் தொகுத்தார். எழுத்துகள் நீக்கப்பட்டன. பின்னணி இசையின் இடத்தில் தெருவின் ஒலிகளும் விடுதிகளின் பாட்டும் அந்தக் காரின் வானொலியும் வந்தன.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் புரியும். மன்சினியின் இசை நல்ல இசை, அதில் ஐயமில்லை. ஆனால் அது எமக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு கண்ணாடியைப் போல நிற்கிறது. இது ஒரு பரபரப்புப் படம், பரபரப்படையுங்கள் என்று சொல்கிறது. நாம் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்து பரபரப்படைகிறோம். 1998 வடிவத்தில் சாய்ந்து இருக்க முடிவதில்லை. கார் சட்டத்தைவிட்டு வெளியேறியதும் அதன் வானொலியைக் காதால் தேடுகிறோம். பாட்டு கிட்டவந்தால் குண்டு கிட்டவருகிறது. தேய்ந்தால் மூச்சு விடுகிறோம். ஒரு சாதாரண நடனப்பாட்டு மரணத்தின் தூரத்தை அளக்கும் கருவியாகிவிடுகிறது. ஒரே படம், ஒரே நடிகர்கள், ஒரே கமரா. மாறியது கேட்கும் கோணம் மட்டும். முதலாவது வடிவத்தில் நாம் பார்வையாளர்கள். இரண்டாவதில் அந்தத் தெருவில் நிற்பவர்கள்.

எல்லைச் சாவடியில் ஒரு சிறு நிகழ்வு உண்டு. காரில் இருக்கும் பெண், தன் தலைக்குள் டிக் டிக் என்று சத்தம் கேட்கிறது என்று அதிகாரியிடம் முறையிடுகிறாள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. கார் கடந்து செல்ல அனுமதிக்கப்படுகிறது. சற்று நேரத்தில் வெடிக்கிறது. படத்தின் முதலாவது வெட்டு அப்போதுதான் வருகிறது. எல்லைகளில் கடதாசிகளைப் பார்ப்பவர்கள் காது கொடுத்துக் கேட்பதில்லை என்பதைப் பல எல்லைகளைக் கடந்த எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

4

வோல்டர் மேர்ச்சின் பெயர் இன்னொரு தொடக்கத்துடனும் பிணைந்தது. பிரான்சிஸ் போர்ட் கொப்போலாவின் "அப்போகலிப்ஸ் நவ்" (1979) படத்தின் ஒலியமைப்பாளர் அவர்.

இப்படத்தை முதன்முறை வீடியோவில் பார்த்தபோது அறையில் நாங்கள் நால்வர் இருந்தோம். திரை இன்னும் இருட்டாக இருந்தது. ஹெலிகொப்டரின் விசிறி காற்றை வெட்டும் ஓசை மட்டும், இயல்பான வேகத்தைவிட மெதுவாக, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போனது. எங்களில் ஒருவர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். பின்பு தன்னைத்தானே நினைத்துச் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

மேர்ச்சும் அவரது குழுவினரும் அந்த ஓசையைச் சின்தசைஸரில் செய்தார்கள். அது நிஜ ஹெலிகொப்டரின் ஓசையல்ல, ஹெலிகொப்டரின் நினைவினுடைய ஓசை. அரங்குகளில் அது பார்வையாளரைச் சுற்றிவரும் வகையில் அமைக்கப்பட்டது. திரையில் பச்சை மரங்கள் தோன்றுகின்றன. கமரா அசையாமல் நிற்கிறது. ஒரு ஹெலிகொப்டரின் அடிப்பகுதி சட்டத்தைக் குறுக்கே கடக்கிறது. மஞ்சள் புழுதி. "த டோர்ஸ்" குழுவின் பாடல் தொடங்குகிறது. திடீரென்று காடு முழுவதும் தீயாகிறது. அதன்மேல், தலைகீழாக, படுத்திருக்கும் ஓர் அமெரிக்கப் படையினனின் முகம் படிகிறது. சைகோன் விடுதி அறையின் கூரையில் மின்விசிறி சுழல்கிறது. ஹெலிகொப்டரின் ஓசை விசிறியின் ஓசையாகிறது. எது நினைவு, எது அறை என்ற எல்லை கரைந்துவிடுகிறது. ஒளிப்பதிவாளர் விட்டோரியோ ஸ்டொராரோவின் ஒன்றின்மேல் ஒன்று படியும் படங்களும் மேர்ச்சின் ஒன்றுக்குள் ஒன்று கரையும் ஒலிகளும் ஒரே இலக்கணத்தில் இயங்குகின்றன. தொழில்நுட்ப ரீதியில் இதைவிடச் செம்மையான தொடக்கத்தைக் காண்பது அரிது.

ஆனால் மறுபடி பார்க்கும்போது, அந்தத் தீக்கு ஓசை இல்லை என்பதைக் கவனித்தேன். அவ்வளவு பெரிய நேபாம் தீ, ஆனால் வெடிப்புச் சத்தம் இல்லை. பாடலும் விசிறியும் மட்டும். காரணம் தெளிவானது. அது ஒருவனின் தலைக்குள் எரியும் தீ, நாம் இருப்பது அந்தத் தலைக்குள். அழகியல் நோக்கில் இது சரியான தெரிவு. ஆயினும் அதன் விலை என்ன? அந்தக் காட்டில் எவரும் வாழ்ந்ததாகத் தெரியவில்லை. மரத்துக்குக் கீழே இருந்து அந்த விசிறியைக் கேட்டவர்களின் காதுக்கு இத்தொடக்கத்தில் இடமில்லை. ஹெலிகொப்டருக்குள் இருந்தவனின் துயரம் எம்மைச் சூழ்கிறது. அதற்குக் கீழே இருந்தவர்களின் துயரம் சட்டத்துக்கும் வெளியே, ஒலித்தடத்துக்கும் வெளியே.

படம் பிலிப்பைன்ஸில் எடுக்கப்பட்டது. ஹெலிகொப்டர்கள் மார்க்கோஸின் படைகளிடம் வாடகைக்குப் பெறப்பட்டவை. படப்பிடிப்பின் நடுவில் தெற்கே கிளர்ச்சியாளர்களைத் தாக்குவதற்காக அவை திருப்பி அழைக்கப்பட்டதும் உண்டு. இதை 1991இல் வெளிவந்த "ஹார்ட்ஸ் ஒஃப் டார்க்னஸ்" என்ற ஆவணப்படம் பதிவு செய்திருக்கிறது. காலையில் சினிமாவுக்காகப் பறந்தது பின்னர் நிஜமாகவே சுடப் போனது. கீழே இருந்து கேட்டவர்களுக்கு இரண்டும் ஒரே சத்தமாகத்தான் இருந்திருக்கும்.

இதைச் சொல்வதால் அப்படத்தை நிராகரிக்கிறேன் என்று கொள்ளக்கூடாது. எந்தத் தொடக்கமும் யாரோ ஒருவருடைய காதைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். எல்லோருடைய காதாலும் ஒரே நேரத்தில் கேட்க முடியாது. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்டது யாருடைய காது என்பதைக் கேட்கும் உரிமை விமர்சனத்துக்கு உண்டு. மனநிலை நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவது விமர்சனமாகாது.

5

அப்படியானால் எங்களைப் பற்றிய படங்களில்? ஜாக் ஓடியாரின் "தீபன்" 2015இல் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றது. "கொரில்லா" நாவல் மூலம் எமது வாசகர்கள் நன்கறிந்த ஷோபாசக்தி அதில் தீபனாக நடித்தார். படத்தின் அரசியல் பற்றி எம்மிடையே போதியளவு சண்டை நடந்துவிட்டது. தொடக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் இலங்கை. பச்சை ஓலைகள் வெட்டப்பட்டு உடல்களின் மேல் பரப்பப்படுகின்றன. சிதை எரிகிறது. ஒருவன் தனது சீருடையைத் தீயில் போடுகிறான். வசனம் எதையும் விளக்குவதில்லை. கை செய்யும் வேலையை கமரா பொறுமையாகப் பார்க்கிறது. பின்பு முகாம்; அந்நியமான ஒரு பெண், அந்நியமான ஒரு சிறுமி, செத்தவர்களின் கடவுச்சீட்டில் ஒரு குடும்பம். அதன்பின் திரை இருள்கிறது. இருளுக்குள் நீலமும் சிவப்புமாகச் சில ஒளிப்புள்ளிகள் மினுங்கி மினுங்கி நெருங்கி வருகின்றன. என்னவென்று சில கணங்கள் புரியவில்லை. கடலில் வள்ளங்களின் விளக்குகளா? பின்பு ஒரு முகம் தெரிகிறது. தலையில் மினுங்கும் விளையாட்டுக் காதுகளை மாட்டிக்கொண்டு, இரவில் தெருவில் பொருள் விற்கும் தீபன்.

பெயர் தெரியாத வெளிச்சமாக முதலில் காட்டி, அதற்குள்ளிருந்து ஒரு மனிதனை வெளியே எடுத்தது கமராவின் பெரிய காரியம். பரிஸில் இப்படி விற்பவர்களைத் தினமும் கடந்து போகிறவர்கள் அந்த முகத்தைப் பார்ப்பதில்லை. இங்கு பார்க்காமல் இருக்க முடியாது.

ஒலி? இந்தக் காட்சியின்மேல் கேட்பது விவால்டி. 18ஆம் நூற்றாண்டு வெனிஸின் தேவாலய இசை. பார்த்த அன்று எனக்குக் கண் கலங்கியது. பின்னர் யோசித்தேன். அந்தத் தெருவில் நின்ற தீபனுக்குக் கேட்டிருக்கக்கூடியது என்ன? சாமான்களின் சிறு பட்டரிச் சத்தம், உல்லாசப் பயணிகளின் சிரிப்பு, முக்கியமாகப் பொலிஸ் வருகிறதா என்று அறிய விழித்திருக்கும் ஒரு காது. அந்தக் காது எமக்குக் கொடுக்கப்படவில்லை. கமரா தீபனுக்கு முகத்தைத் தந்தது. இசையோ ஐரோப்பியப் பார்வையாளருக்கு அவரது வழக்கமான இருக்கையைத் தந்தது. அவனது துயரம் உன்னதமானது என்று அவருக்கு அவரது மொழியில் சொன்னது. அதை அன்பு என்றும் சொல்லலாம், மொழிபெயர்ப்பு என்றும் சொல்லலாம். இரண்டும்தான் என்று நான் கருதுகிறேன். இயக்குநர் தனது காதால் கேட்டார். அதில் பொய் இல்லை. எங்கள் காதால் கேட்பது அவருடைய பொறுப்பும் அல்ல.

6

அது எங்களுடைய பொறுப்பு. இங்கேதான் மறுபடியும் அந்தப் புல்லாங்குழலுக்கு வருகிறேன்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு இருந்த கேட்டறிவைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஹெலியா, சியாமாசெட்டியா, பெரிய பொம்பரா என்று கண்ணால் காணுமுன்பே அது சொல்லும். ஷெல் புறப்படும் சத்தத்துக்கும் விழும் சத்தத்துக்கும் இடையில் எண்ணத் தெரியும். கூவிக்கொண்டு வந்தால் தலைக்கு மேலால் போகிறது, சத்தம் நின்றால் படு என்ற பாடம் எந்தப் பாடசாலையிலும் கற்பிக்கப்படவில்லை. இரவில் நாய்கள் எந்தப் பக்கம் குரைக்கின்றன என்பதிலிருந்து யார் எந்த ஒழுங்கையால் வருகிறார்கள் என்று கணித்த வீடுகள் எத்தனை! காதால் உயிர் தப்பிய சமூகம் இது.

புகலிடத்திலும் அந்தக் காது ஓயவில்லை. தபால்பெட்டி மூடி விழும் ஓசை. அதற்குள் குடிவரவுத் திணைக்களத்தின் கடிதம் இருக்கலாம். அதிகாலையில் மாடிப்படியில் சப்பாத்துக் கால்கள். எந்தத் தளத்தில் நிற்கின்றன? நேரங்கெட்ட நேரத்தில் அடிக்கும் ஊர்த் தொலைபேசி. புதுவருட இரவின் வாணவெடிக்கு மேசைக்குக் கீழே போகும் அப்பா. வெப்பமூட்டும் குழாய்க்குள் இரவு முழுவதும் தட்டும் நீர்.

இவ்வளவும் எங்கள் கையில் இருக்கையில், எங்கள் படங்கள் ஏன் இரவல் சோகத்தோடு தொடங்குகின்றன? பணமில்லை, கருவி இல்லை என்பது விடையாகாது. பதிலில்லாத ஒரு கூப்பிட்டுக்கும் ஆளற்ற மாடிப்படிக்கும் செலவு அதிகமில்லை. உண்மையான காரணம் பயம் என்று நினைக்கிறேன். மௌனமாகத் தொடங்கினால் பார்வையாளர் என்ன உணர்வார் என்ற உறுதி எமக்கில்லை. எனவே அவர் உணர வேண்டியதை முன்கூட்டியே எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறோம். மக்கள் சரியாக உணர்வார்கள் என்பதில் நம்பிக்கையில்லாத இந்தப் பழக்கம் எமது சினிமாவில் மட்டும்தான் இருக்கிறதா என்பதை வாசகர்கள் யோசிக்கட்டும்.

பின்னணி இசையே கூடாது என்ற புதிய கட்டளை ஒன்றை நான் பிறப்பிக்கவில்லை. கட்டளைகள் எமக்குப் போதும். அடுத்த முறை ஒருவர் கமராவைக் கையில் எடுக்கும்போது, முதற் ஷொட்டை எங்கே வைப்பது என்று கேட்பதோடு, அந்த இடத்தில் நிற்பவருக்கு என்ன கேட்கிறது என்றும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். அறையின் ஒலியைத் தனியாக ஐந்து நிமிடங்கள் பதிவுசெய்து, கண்ணை மூடிக் கேட்டுவிட்டுப் பின்பு படத்தொகுப்புக்குப் போகலாம். இசை அதன் பிறகும் தேவைப்பட்டால் வரட்டும்.

அந்த அம்மாவை அண்மையில் ஒரு திருமண வீட்டில் மறுபடி சந்தித்தேன். இதை எழுதப்போகிறேன் என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்கட வீட்டுப் படலை கிறீச்செண்டு திறக்கிற சத்தம் ஒண்டு இருக்குத் தம்பி. அதை ஆராவது ஒரு படத்தில வைச்சால், நான் அழமாட்டன். எழும்பி ஆர் வாறதெண்டு பார்ப்பன்."